தோற்றால் வீடு, ஜெயித்தால் ஒமாஹா!

அமெரிக்காவில் மே மாதத்தின் கடைசி வாரம் வந்தால் கல்லூரி மாணவர்கள் பலருக்குத் தூக்கம் போய்விடும்.

பரீட்சைப் பயமா? இல்லை. பரீட்சை பெரும்பாலும் முடிந்திருக்கும். இது பேஸ்பால் பயம்!

பிப்ரவரி நடுவில் தொடங்கி 50-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடியிருப்பார்கள். வெற்றியும் தோல்வியுமாக மூன்று மாதம் ஓடியிருக்கும். அந்த மூன்று மாதத்துக்கும் சேர்த்து, இந்த ஒரு வாரத்தில் தீர்ப்பு சொல்லப்படும். ஜெயித்தால் தேசியப் பந்தயத்துக்குப் போகலாம். தோற்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதுதான் கல்லூரிச் சங்கங்களின் ஆண்டு இறுதிப் பந்தயம்.

பேஸ்பால் என்றால் என்ன?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு பேஸ்பால் புரிவது கஷ்டம் அல்ல. இது கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறை.

ஒரு கோஷ்டிக்கு 9 பேர். கிரிக்கெட் மட்டை தட்டையாக இருக்கும். பேஸ்பால் மட்டை உலக்கைபோல உருண்டையாக இருக்கும். பந்து எறிபவர் 60 அடி 6 அங்குலம் தள்ளி நின்று எறிவார். பந்து தரையில் பட்டு எழும்பாது. நேராக மட்டைக்காரரை நோக்கிப் பறந்து வரும்.

மைதானத்தில் சதுரமாக நாலு மூலைகள் உண்டு. ஒரு மூலைக்கும் அடுத்த மூலைக்கும் 90 அடி. பந்தை அடித்தவர் நாலு மூலையையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். மைதானத்துக்கு வெளியே பந்தை அடித்துவிட்டால் ஓட அவசரம் இல்லை. நிதானமாகச் சுற்றி வரலாம். அதற்கு 'ஹோம் ரன்' என்று பெயர். நம் கிரிக்கெட்டில் சிக்சர்போல.

மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு கோஷ்டியின் முறை முடிந்தது. இப்படி இரண்டு கோஷ்டிக்கும் ஒன்பது ஒன்பது முறை. அவ்வளவுதான் ஆட்டம்.

முன்வாசலும் பின்வாசலும்

முதல் தரக் கல்லூரிகள் என்று சொல்லப்படுபவற்றில் சுமார் 300 கல்லூரிகள் பேஸ்பால் ஆடுகின்றன. அமெரிக்கா பரந்த நாடு. எல்லோரும் எல்லோரோடும் ஆட முடியாது. ஆகவே அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து சங்கம் அமைத்துக்கொண்டிருக்கின்றன. அதை அங்கே 'கான்பரன்ஸ்' என்பார்கள். இப்படிச் சுமார் 30 சங்கங்கள் உண்டு.

தேசியப் பந்தயத்தில் 64 கோஷ்டிகளுக்கு இடம். அந்த இடம் இரண்டு வழியில் கிடைக்கும்.

ஒவ்வொரு சங்கத்திலும் வென்ற கோஷ்டிக்கு ஓர் இடம் நிச்சயம். யாரும் அதைத் தடுக்க முடியாது. மற்ற இடங்களை ஒரு கமிட்டி கூடி, யார் யார் நன்றாக ஆடினார்கள் என்று பார்த்துக் கொடுக்கும். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அந்தப் பட்டியல் டெலிவிஷனில் வெளியாகும். சங்கப் பந்தயத்தில் தோற்ற கோஷ்டிகள், தங்கள் பெயர் வருமா வராதா என்று பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து காத்திருக்கும்.

பெரும்பாலான சங்கங்களில், வென்றவர் யார் என்பதை முடிவு செய்வது இந்த ஆண்டு இறுதிப் பந்தயம்தான். மூன்று மாதம் முதல் இடத்தில் இருந்த கோஷ்டி இந்த வாரத்தில் சறுக்கிவிடலாம். மூன்று மாதம் தோற்றுக்கொண்டே வந்த கோஷ்டி நாலு நாள் நன்றாக ஆடி உள்ளே நுழைந்துவிடலாம்.

இது நியாயமா? அங்கேயே பலர் கேட்கிற கேள்விதான். வருடம் முழுவதும் பாடுபட்டவனை வெளியே நிறுத்துவது அநியாயம் என்பது ஒரு கட்சி. கடைசி நாள்வரை எல்லோருக்கும் நம்பிக்கை இருக்க வேண்டாமா என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் டிக்கெட் விற்பது இரண்டாவது கட்சியின் பேச்சால்தான்!

ஹூவர் திருவிழா

இந்தப் பந்தயங்களில் பேர் பெற்றது தென்கிழக்குச் சங்கத்தின் பந்தயம். 1977-ல் ஆரம்பமானது. அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் நகரத்தை ஒட்டி ஹூவர் என்ற ஊர் இருக்கிறது. 1998 முதல் பந்தயம் அந்த ஊரில்தான் நடந்துவருகிறது.

அந்த வாரம் ஹூவரில் ஊர்த் திருவிழாதான். ரசிகர்கள் குடும்பத்தோடு வருவார்கள். வீடுபோலவே படுக்கையும் சமையலும் உள்ள வண்டிகளை மைதானத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, அதிலேயே தங்குவார்கள். காலையில் ஆரம்பிக்கும் ஆட்டம், மழை குறுக்கிட்டால் நடுநிசிவரைகூடப் போகும். தூங்கி விழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாக்கள் ஆட்டம் பார்ப்பார்கள்.

ஆனால் ஒரு வேடிக்கை. இந்தப் பெரிய சங்கத்துக்கு இந்தப் பந்தயம் உயிர்ப் பிரச்னை அல்ல. 2025-ல் அதில் இருந்த 16 கல்லூரிகளில் 13 கல்லூரிகள் தேசியப் பந்தயத்துக்குப் போயின. ஹூவரில் தோற்றாலும் கமிட்டி கூப்பிட்டுவிடும்.

அந்த ஆண்டு ஹூவரில் வென்றது வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். நாட்டிலேயே முதல் இடம் என்று கமிட்டி அதற்குப் பட்டம் கட்டியது. யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? அடுத்த வாரமே, சொந்த ஊரான நாஷ்வில்லிலேயே, முதல் கட்டத்திலேயே தோற்று வெளியேறியது. ஹூவரில் கோப்பையை எட்டாத லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் தேசியக் கோப்பையையே தூக்கிச் சென்றது!

சிறிய சங்கங்களின் கதை வேறு. அங்கே சங்கத்துக்கு ஓர் இடம்தான். பந்தயத்தில் வென்ற ஒரே கோஷ்டி போகும். மற்றவர்களுக்கு அன்றோடு ஆட்டம் முடிந்தது. நாலாவது ஆண்டு மாணவனுக்கோ, பலருக்கு அன்றோடு பேஸ்பாலே முடிந்தது.

கைதான் மூலதனம்

இந்த வாரத்தில் எல்லாப் பயிற்சியாளர்களையும் வாட்டுகிற கவலை ஒன்றுதான். பந்து எறிய யார் இருக்கிறார்கள்?

சாதாரண வாரத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் பெரிய ஆட்டம். மூன்று நல்ல எறிபவர்கள் இருந்தால் ஆளுக்கு ஒரு நாள். பிறகு ஒரு வாரம் கைக்கு ஓய்வு. மணிக்கு 90 மைல் வேகத்தில் பந்து எறிகிற கைக்கு அந்த ஓய்வு அவசியம். தோள்பட்டையும் முழங்கையும் இரும்பால் செய்ததல்ல.

சங்கப் பந்தயத்தில் நாலைந்து நாளில் நாலைந்து ஆட்டம். பல சங்கங்களில் இரண்டு தடவை தோற்றால்தான் வெளியேற்றம். இது இரக்கமான விதிபோலத் தோன்றும். ஆனால் ஒரு தடவை தோற்றவனுக்குத்தான் வேலை அதிகம். மேலே வர அவன் கூடுதல் ஆட்டம் ஆட வேண்டும். சில நாளில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்று நல்ல எறிபவர்களும் களைத்துப்போன பிறகு, வருடம் முழுவதும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த பையனைக் கூப்பிட்டு, “போடா, நீ எறி” என்று அனுப்புவார்கள். சாம்பியன் பட்டம் அவன் கையில்!

ஹூவரில் 2025 முதல் இந்த இரட்டைத் தோல்வி முறையை எடுத்துவிட்டார்கள். ஒரு தோல்வி, உடனே வீடு.

கையைப் பற்றி அமெரிக்கர்கள் இன்றும் சொல்லும் கதை ஒன்று உண்டு. அது சங்கப் பந்தயத்துக்கு அடுத்த கட்டத்தில் நடந்தது. 2009 மே 30 அன்று டெக்சாஸ் பல்கலைக்கழகமும் பாஸ்டன் கல்லூரியும் ஆஸ்டின் நகரத்தில் மோதின. 9 முறையில் முடிய வேண்டிய ஆட்டம் 25 முறை போயிற்று. 7 மணி நேரத்துக்கு மேல்! கடைசியில் டெக்சாஸ் 3–2 என்று ஜெயித்தது. டெக்சாஸ் கோஷ்டியின் ஆஸ்டின் வுட் என்ற மாணவர் நடுவில் எறிய வந்து 13 முறை எறிந்தார். மொத்தம் 169 பந்துகள். ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு மாணவன் கையை இப்படிப் பிழியலாமா என்ற கேள்வியும் எழுந்தது. எழ வேண்டிய கேள்விதான்.

திராட்சை ஊர்ப் பையன்கள்

இனி 2008-ம் வருடத்துக் கதை. சங்கப் பந்தயம் என்ற கதவு எதற்காக இருக்கிறது என்பதை அறிய இந்தக் கதை ஒன்று போதும்.

கலிபோர்னியா மாநிலத்தின் நடுப்பகுதியில் பிரெஸ்னோ என்ற நகரம் இருக்கிறது. கடற்கரை அழகும் கிடையாது, சினிமா நட்சத்திரங்களும் கிடையாது. கோடையில் வெயில் கொளுத்தும். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்களும் பாதாம் தோப்புகளும். உலர்ந்த திராட்சைக்குப் பேர்போன பிரதேசம் அது.

அந்த ஊர் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கோஷ்டிக்கு 'புல்டாக்' என்று செல்லப் பெயர். அந்த ஆண்டு அவர்களுக்கு ஆரம்பமே சரியில்லை. தோல்விமேல் தோல்வி. அவர்களுடைய சிறந்த எறிபவர் டானர் ஷெப்பர்ஸ். அவருக்குத் தோளில் அடிபட்டு, முக்கியமான நேரத்தில் ஆட முடியாமல் போயிற்று. வலது புறம் காவல் நிற்கும் ஸ்டீவ் டெட்வைலருக்குக் கட்டை விரலில் தசைநார் கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்ய வேண்டிய விரல்! “பந்தயம் முடியட்டும்” என்று தள்ளிப் போட்டுவிட்டு ஆடினார். மூன்றாவது மூலைக் காவலர் டாமி மெண்டோன்காவுக்கு விரல்கள் இடம் பெயர்ந்திருந்தன.

தேசியப் பந்தயத்துக்குப் புறப்படும்போது அவர்கள் கணக்கு 37 வெற்றி, 27 தோல்வி. பெரிய கோஷ்டிகள் இப்படி ஒரு கணக்கை வெளியே சொல்ல வெட்கப்படும்.

ஆனால் அவர்கள் கையில் ஒரு சீட்டு இருந்தது. மேற்கு விளையாட்டுச் சங்கத்தின் இறுதிப் பந்தயத்தில் வென்ற சீட்டு! கமிட்டிக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவர்களை உள்ளே விட்டுத்தான் ஆக வேண்டும்.

உள்ளே விட்டார்கள். ஆனால் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். 64 கோஷ்டிகளை நாலு நாலாகப் பிரிப்பது வழக்கம். ஒவ்வொரு பிரிவிலும் பலசாலிக்கு முதல் இடம், நோஞ்சானுக்கு நான்காவது இடம். பிரெஸ்னோவுக்கு நான்காவது இடம்தான் கிடைத்தது. 'சீக்கிரம் தோற்றுவிட்டு ஊருக்குப் போங்கள்' என்பதுதான் அதற்கு அர்த்தம்!

அவர்கள் போகவில்லை.

லாங் பீச்சில் நடந்த முதல் கட்டத்தில் வென்றார்கள். அடுத்து, நாட்டில் மூன்றாவது இடம் பெற்ற அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு மூன்று ஆட்டம். முதல் ஆட்டத்தில் தோல்வி. “சரி, கதை முடிந்தது” என்றார்கள் எல்லோரும். அடுத்த இரண்டிலும் பிரெஸ்னோவே ஜெயித்தது. ஒமாஹாவுக்கு வழி திறந்தது.

ஒமாஹாவின் பெருமை

நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ளது ஒமாஹா. கடைசி எட்டுக் கோஷ்டிகள் மோதும் இடம். கல்லூரி பேஸ்பாலில் அந்தப் பெயரே மந்திரம்.

தேசிய இறுதிப் பந்தயம் முதன் முதலில் 1947-ல் மிச்சிகன் மாநிலத்துக் கலமாசூ நகரில் நடந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் யேல் பல்கலைக்கழகத்தை வென்றது. தோற்ற யேல் கோஷ்டியில் முதல் மூலையில் காவல் நின்ற வாலிபர் யார் தெரியுமா? ஜார்ஜ் புஷ்! 1989-ல் அமெரிக்க ஜனாதிபதி ஆனாரே, அவரேதான். மறு வருடமும் யேல் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. மறு வருடமும் தோற்றது.

1950-ல் பந்தயம் ஒமாஹாவுக்கு வந்தது. கொரோனாவால் பந்தயம் நின்றுபோன 2020 தவிர, அன்று முதல் அங்கேதான்.

ஆறு ஓட்டமும் ஒருவரே!

2008 ஜூனில் பிரெஸ்னோ பையன்கள் அங்கே போய் இறங்கியபோது யாரும் அவர்களைப் பெரிதாக மதிக்கவில்லை. முதல் ஆட்டத்தில் ரைஸ் பல்கலைக்கழகத்தை 17–5 என்று துவைத்து எடுத்தார்கள். பிறகு, நாட்டில் இரண்டாம் இடம் பெற்ற வட கரோலினாவோடு மூன்று முறை மோதி இரண்டு முறை வென்றார்கள்.

இறுதிப் போட்டி ஜார்ஜியா பல்கலைக்கழகத்தோடு. அவர்களுக்கும் செல்லப் பெயர் 'புல்டாக்'தான்! எந்த நாய் எந்த நாயைக் கடிக்கும் என்று ஊரே பார்த்தது. மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயிக்க வேண்டும்.

முதல் ஆட்டம் கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை. 7–6 என்று ஜார்ஜியா வென்றது.

இரண்டாவது ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே ஜார்ஜியா 5 ஓட்டம் முந்தியது. பிரெஸ்னோ பையன்கள் அசரவில்லை. அடிக்க ஆரம்பித்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தார்கள். முடிவு: பிரெஸ்னோ 19, ஜார்ஜியா 10.

ஜூன் 25. கடைசி ஆட்டம். ஜஸ்டின் வில்சன் என்ற மாணவர் எறிய வந்தார். போதிய ஓய்வு இல்லாத கை. 129 பந்துகள் எறிந்தார். 8 முறையில் ஒரே ஓர் ஓட்டம்தான் கொடுத்தார்.

மட்டை பிடித்தவர்களில் ஹீரோ யார்? கட்டை விரல் கிழிந்த டெட்வைலர்! ஒரு ஹோம் ரன்னில் 2 ஓட்டம். இன்னோர் அடியில் 1 ஓட்டம். மறுபடி ஒரு ஹோம் ரன்னில் 3 ஓட்டம். பிரெஸ்னோ எடுத்த 6 ஓட்டமும் அவர் மட்டையிலிருந்து வந்தவை. 6–1 என்று பிரெஸ்னோ தேசிய சாம்பியன் ஆனது. சிறந்த ஆட்டக்காரர் பரிசு மெண்டோன்காவுக்குக் கிடைத்தது.

வருட முடிவில் பிரெஸ்னோவின் கணக்கு 47 வெற்றி, 31 தோல்வி. அதற்கு முன் எந்தச் சாம்பியனும் இத்தனை தோல்வி கண்டதில்லை. சங்கப் பந்தயத்துச் சீட்டு இல்லாமல், அந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு அவர்கள் உள்ளே போயிருப்பார்களா? யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

நாலே நாலு பேர்

64 கோஷ்டிகள் ஆடும் முறை 1999-ல் வந்தது. அதிலிருந்து 2025 வரை, நான்காவது இடத்தில் உட்கார வைக்கப்பட்டு ஒமாஹா வரை போன கோஷ்டிகள் நாலே நாலு. 2008-ல் பிரெஸ்னோ, 2012-ல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக், 2023-ல் ஓரல் ராபர்ட்ஸ், 2025-ல் கென்டக்கி மாநிலத்தின் மரே. நாலு பேரும் சங்கப் பந்தயத்தில் வென்று வந்தவர்கள்தான்!

மரே கோஷ்டிக்கு ஒமாஹாவில் பிரெஸ்னோவின் அதிர்ஷ்டம் இல்லை. முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஆர்கன்சாஸ் கோஷ்டியின் கேஜ் வுட் என்பவர் எறிய வந்தார். மட்டை பிடித்த 19 பேரை அவரே வீழ்த்தினார். மரே கோஷ்டியால் அடித்து ஒரு மூலைகூடப் பிடிக்க முடியவில்லை. ஒமாஹாவில் 1960-க்குப் பிறகு யாரும் இப்படி எறிந்ததில்லை.

பணம் எவ்வளவு?

இவ்வளவு பாடுபடுகிற பையன்களுக்கு என்ன கிடைக்கும் என்று தாய் தகப்பன்மார் கேட்பார்கள்.

பல ஆண்டுகளாக ஒரு கல்லூரி பேஸ்பாலுக்குக் கொடுக்கக்கூடிய உதவிச் சம்பளம் மொத்தம் 11.7 பேருக்குத்தான். அதை 27 பேர்வரை பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரு பையனுக்குப் பாதி, இன்னொருவனுக்குக் கால். மீதிச் சம்பளத்தை வீட்டில்தான் கட்ட வேண்டும். அதே சமயம் பெரிய கல்லூரிகளின் கால்பந்துக் கோஷ்டிக்கு 85 முழு உதவிச் சம்பளம்! 2025-ல் கோர்ட்டு உடன்பாடு ஒன்றால் இந்த வரம்பு நீங்கியது. அதை ஏற்ற கல்லூரிகள் 34 ஆட்டக்காரர்கள்வரை முழு உதவி கொடுக்கலாம். பணக்காரக் கல்லூரிகள் கொடுக்கும். சிறிய கல்லூரிகள் எங்கே போகும்?

சம்பளத்துக்கு ஆடும் பெரிய லீகுக்குப் போகிறவர்கள் சிலரே. பிரெஸ்னோவின் வில்சன் போனார். 2012-ல் தொடங்கி, 2025-லும் அங்கே எறிந்துகொண்டிருந்தார்.  ஆறு ஓட்டம் அடித்த டெட்வைலருக்குப் பெரிய லீக் கிட்டவில்லை.

பிரெஸ்னோ கல்லூரியிலிருந்து பிற்காலத்தில் வந்த பெரிய பெயர் ஆரன் ஜட்ஜ். 2022-ல் நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டிக்காக ஒரே வருடத்தில் 62 ஹோம் ரன் அடித்தாரே, அவர்தான். அவர் மாணவராக இருந்த 2012-லும் பிரெஸ்னோ சங்கப் பந்தயத்தில் வென்று சீட்டு வாங்கியது. ஆனால் ஒமாஹாவுக்குப் போய்ச் சேரவில்லை. 2008-க்குப் பிறகு 2025 வரை அவர்கள் அந்த ஊர் மைதானத்தில் இறங்கவே இல்லை.